அணி யாருடையது?

ஆறாம் வேற்றுமைப் பொருளாகிய கிழமையை நம் இலக்கண நூலார் தற்கிழமை எனவும் பிறிதின்கிழமை எனவும் இருவகையாகப் பகுத்தனர். 'சாத்தனது கை' என்றவிடத்துக் கை சாத்தனின் வேறாகாது, வெட்டினாலன்றிப் பிரியாது, ஆதலின் அது தற்கிழமை. 'சாத்தனது பசு' என்றவிடத்துப் பசு இன்று சாத்தனுடையது. நாளைச் சந்தையில் விலைப்பட்டுக் கொற்றனுடையதாகலாம். ஆதலின் அது பிறிதின்கிழமை. தேர்வுக்கு நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடத்தக்க பாகுபாடென்று இதனைப் பலரும் எண்ணுவர். அமெரிக்காவில் ஒரு நகரத்து மக்கள் தம் விளையாட்டு அணியை இழந்து கொண்ட துயரத்தையும் சினத்தையும் யாம் ஆராய்ந்தவிடத்து, அவற்றின் அடியிற் கிடந்தது இப்பாகுபாடே என்று கண்டோம். அதனை நம் கல்லூரி அன்பர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலிபோர்னியா மாகாணத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில் அமைந்தது ஓக்லாந்து நகரம். துறைமுகத்தாலும் உழைப்பாளிகளாலும் வளர்ந்த ஊர் அது. அங்கே 1968 முதல் 2024 வரை, 57 பருவங்கள், 'அத்லெடிக்ஸ்' என்னும் பேஸ்பால் அணி ஆடிவந்தது. பேஸ்பால் நம் நாட்டிற் பெரிதும் ஆடப்படுவதன்று. கிரிக்கெட்டைப் போலவே பந்தெறிவோனும் மட்டை பிடிப்போனும் எதிர்நிற்கும் ஆட்டம் என்று அறிந்தால் ஈண்டுப் போதும். 'மேஜர் லீக்' எனப்படும் முதற்றரக் கூட்டமைப்பில் 30 சங்கங்கள் உள. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். ஏறத்தாழ ஆறு திங்கள் நாடோறும் ஆட்டமுண்டாதலின், அபிமானிக்குத் தன் அணி ஆண்டிற்கொருமுறை வந்துபோகும் திருவிழாவைப் போன்றதன்று. அன்றாடம் உண்ணும் சோற்றைப் போன்றது.

இவ்வணி புகழ் பெறாததுமன்று. 1972, 1973, 1974 ஆகிய மூன்றாண்டுகளிலும் அடுத்தடுத்து உலகத்தொடர் என்னும் தலைமைப் பட்டத்தை வென்றது. 1989-இல் நான்காம் முறையாகவும் ஓக்லாந்துக்கு அதனைக் கொணர்ந்தது. 2002-இல், செல்வமிக்க சங்கங்கள் கொடுத்த சம்பளத்திற் சிறு பகுதியே கொடுத்து, ஆட்டக்காரரைக் கணக்கறிந்து தெரிந்தெடுத்து, இடைவிடாது 20 ஆட்டங்களை வென்றது. எளிய சங்கமாயிருந்ததுபற்றி அவ்வூரார் நாணவில்லை. எளிமையோடு அறிவு சேர்ந்தால் செல்வரையும் வெல்லலாம் என்பது அவர்தம் பெருமையாயிருந்தது.

இனி வீழ்ச்சியைக் காண்போம். 2021-இல் அவ்வணி 86 ஆட்டங்களை வென்றது. அஃது இகழத்தக்க எண்ணன்று. ஆயினும் அப்பருவம் முடிந்தபின் மாட் ஓல்ஸன், மாட் சாப்மன், கிறிஸ் பாஸிட், ஷான் மனாயா முதலிய சிறந்த ஆட்டக்காரர் ஒருவர்பின் ஒருவராகப் பிற சங்கங்களுக்கு மாற்றப்பட்டனர். 2022-இல் தோல்விகள் 102 ஆயின. 2023-இல் 50 வெற்றிகளும் 112 தோல்விகளும் நேர்ந்தன. ஓக்லாந்தில் ஆடிய பருவங்களுள் இத்துணைத் தோல்வி வேறெதனிலும் இல்லை. அவ்வாண்டுத் தொடக்கத்தில் 30 சங்கங்களுள்ளும் மிகக் குறைந்த சம்பளத் தொகை கொடுத்தது இதுவே. பார்க்க வருவோர் தொகையும் சுருங்கிற்று. 2022-இல் பருவ முழுமைக்கும் 7,87,902 பேரே வந்தனர்.

இவ்விடத்து ஒரு வினா எழும். தோற்கும் அணியைப் பற்றி அபிமானி குறைகூறுதல் எங்குமுள்ள வழக்கன்றோ? அதற்கு இத்துணைப் பெருஞ்சினம் எற்றுக்கு? விடை எளிது. தோல்வியில் இருவகையுண்டு. முயன்று தோற்றல் ஒன்று. முயலாது தோற்றல் மற்றொன்று. முன்னதைப் பொறுத்தற்கு எந்த அபிமானியும் பின்வாங்கான். 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்னும் ஒரு சொல்லே அவனுக்கு உரமாகும். 2023-இல் ஓக்லாந்து மக்களுக்கு இல்லாமற்போனது அந்த அடுத்த ஆண்டேயாம். அணியை நெவாடா மாகாணத்து லாஸ் வேகாஸ் நகரத்திற்குக் கொண்டுசெல்ல உரிமையாளர் ஜான் பிஷர் முனைந்துவிட்டார் என்பது அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் வெளிப்பட்டது. விதைநெல்லை விற்றுவிட்ட வயலில் விளைச்சலை எவ்வாறு எதிர்நோக்குவது?

உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் முறையன்று. ஓக்லாந்துக் கொலீஸியம் 1966-இல் திறக்கப்பட்ட அரங்கம். சாக்கடை நீர் எதிரேறிய நாட்களும் அதற்குண்டு. புதிய அரங்கத்திற்காகப் பிரீமான்ட், ஸான் ஹோஸே, ஓக்லாந்தின் துறைமுகக் கரையிலுள்ள ஹவர்ட் டெர்மினல் எனப் பலவிடங்களை அச்சங்கம் பல்லாண்டுகளாக நாடியது, ஒன்றும் கைகூடவில்லை. நகரசபையின் பேச்சுக்களும் நெடிது நீண்டன. இவை மெய்யே. ஆனால், 'மக்கள் வரவில்லை. ஆதலின் அணி போகிறது' என்று கூறப்பட்டதே, அதனை யாம் ஒப்போம். காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றிவைத்த கூற்று அது.

சான்று அவ்வூர் வரலாற்றிலேயே உளது. 1979-இல் அவ்வணி 108 ஆட்டங்களில் தோற்றது. அப்பருவத்தில் வந்தோர் தொகை 3,06,763. அன்றும் அணியை வேற்றூர்க்கு விற்கும் பேச்சு நடந்தது. 1980-இல் அவ்விரிகுடாப் பகுதியையே சார்ந்த ஹாஸ் குடும்பத்தார் சங்கத்தை வாங்கினர். பத்தாண்டு கழித்து, 1990-இல் வந்தோர் தொகை 29 லட்சம். ஊர் அதுவே; அரங்கம் அதுவே; மக்களும் அவரே. மாறியது உரிமையாளரின் மனநிலையொன்றே. ஓடாத வண்டிக்கு மாட்டைப் பழிக்குமுன் அச்சாணியைப் பார்த்தல் வேண்டும்.

தாம் வாராமைக்குக் காரணம் அன்பின்மையன்று என்பதை அம்மக்கள் ஒரு நாள் செயலாற் காட்டினர். புறக்கணித்தல் என்னும் போராட்டத்தைத் தலைகீழாக்கி, வெற்றரங்கத்தை நிரப்புவதையே போராட்டமாக்கினர். 2023 ஜூன் 13-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, கூட்டமைப்பின் மிகத் தாழ்ந்த அணிகளுள் ஒன்றைக் காண 27,759 பேர் திரண்டனர். 'விற்றுவிடு' என்னும் ஒரே சொல் பொறித்த பச்சைச் சட்டைகளைப் பல்லாயிரவர் அணிந்திருந்தனர். ஐந்தாம் ஆட்டப் பகுதி தொடங்கியதும் முதல் மட்டைக்காரர் ஆடி முடியுமளவும் அரங்கம் முழுவதும் வாய்மூடி நின்றது. பின்பு, அணியை விற்கும்படி ஒரே குரலிற் கூவிற்று. அன்று அவ்வணி டாம்பா பே அணியை 2-1 என்று வென்றும் விட்டது. ஆயினும் பயன் யாது? அவ்வாரத்திலேயே நெவாடா மாகாணச் சட்டசபை, லாஸ் வேகாஸில் எழும் அரங்கத்திற்குப் பொதுப்பணத்தில் 38 கோடி டாலர் வரையில் அளிக்கச் சட்டமியற்றியது. நவம்பர் 16-ஆம் நாள் மற்றைச் சங்க உரிமையாளர் யாவரும் ஒருமுகமாக இசைவு தந்தனர். ஓக்லாந்து மக்களை ஒரு சொற்கேட்டு முடிவு செய்தார் அவருள் ஒருவருமிலர்.

'அவ்வணி போனாற் போகட்டும். வேறோர் அணியை அமைத்துக்கொள்ளலாமே' என்பார்க்கு, அஃது எளிதன்று என்போம். முதற்றரத்திற் புதிய சங்கம் புகவேண்டுமாயின், முன்னரே உள்ள சங்கங்கள் இடங்கொடுத்தல் வேண்டும். பேஸ்பால், வணிகத்தில் தனியுரிமையைத் தடுக்கும் சட்டத்திற்கு உட்பட்டதன்று என 1922-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வழிவந்த பாதுகாப்பு இன்றும் அச்சங்கங்களுக்கு அரணாக நிற்கின்றது. ஒரு கடையிற் சரக்குத் தரமற்றதாயின் அடுத்த கடைக்குச் செல்லலாம். ஊருக்கு ஒரே கடையாகி, அக்கடையும் வேற்றூர்க்குப் பெயருமாயின், வாங்குவோன் சினம் செல்லுதற்கும் வழியின்றி நிற்கும்.

ஆதலின் வழக்கு இதுவாகின்றது. உரிமையாளர்க்கு அணி பிறிதின்கிழமை. அவர் வாங்கினார், விற்கலாம், பெயர்க்கலாம். ஊரார்க்கோ அது தற்கிழமை. தந்தையின் தோளிலிருந்து முதலாட்டம் கண்டவர் தம் மக்களைத் தோளிலேற்றிக் காட்டிய அணி அது. 'வெறும் மனவுணர்ச்சிக்கு விலையேது?' என்று நகைப்பாருளர். அவ்வுணர்ச்சியையே இவ்வணிகம் விலைகூறி விற்கின்றது என்பதை அவர் மறந்தனர். சட்டையின் மார்பில் ஊர்ப்பெயரைப் பொறித்து விற்பது எதன்பொருட்டு? ஊர் தன்னை அதிற் காண்கின்றது என்பதன்பொருட்டன்றோ? ஆட்டக்காரர் ஆண்டுதோறும் மாறுவர், பயிற்றுவோர் மாறுவர், உரிமையாளரும் மாறுவர். மாறாது நிற்பவர் இருக்கையில் அமர்ந்தவரே.

இதனை மெய்ப்பிப்பதுபோல் பின்னிகழ்ச்சிகள் அமைந்தன. 2024 செப்டம்பர் 26-ஆம் நாள், ஓக்லாந்தில் இறுதி ஆட்டம். 46,889 பேர் வந்து, டெக்ஸஸ் அணியைத் தம் அணி 3-2 என வென்றதைக் கண்டு விடைகொடுத்தனர். 2025-இல் அணி மேற்கு ஸாக்ரமெண்டோவிலுள்ள இரண்டாந்தரச் சிற்றரங்கத்திற்குக் குடிபெயர்ந்தது. லாஸ் வேகாஸ் அரங்கத்தின் வேலை 2025 ஜூனில் தொடங்கிற்று. 2028-இல் ஆட்டம் நிகழுமென்று அறிவிப்பு. இடைப்பட்ட காலத்திற்கு அவ்வணி எவ்வூர்ப் பெயரையும் சூடாது, வெறும் 'அத்லெடிக்ஸ்' என்றே வழங்கிற்று. ஆறனுருபு ஏற்க ஒரு பெயரின்றி நின்ற சொற்றொடர் போன்றது அந்நிலை! அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 2025 ஜூலையில் நிக் கர்ட்ஸ் என்னும் இளைஞர் ஒரே ஆட்டத்தில் நான்கு முறை பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்னும் பரிசும் அவர்க்குக் கிட்டிற்று. பொறுத்திருந்த ஊர் வாடிநிற்க, மரம் வேற்று முற்றத்திற் காய்க்கத் தொடங்கிற்று.

ஓக்லாந்து மக்கள் முற்றும் குற்றமற்றவரோ என்றும் வினவுதல் வேண்டும். இவ்வணி 1901 முதல் 1954 வரை பிலடெல்பியாவில் ஆடியது. பின்பு 1967 வரை கான்ஸாஸ் ஸிடியில் ஆடியது. அங்கிருந்தே ஓக்லாந்துக்கு வந்தது. அன்று கான்ஸாஸ் ஸிடிச் சிறுவன் அழுதபோது ஓக்லாந்துச் சிறுவன் மகிழ்ந்தான். இன்று லாஸ் வேகாஸ் மகிழ்கின்றது. கொள்ளும் ஊர் இழக்கும் ஊரைக் குறித்துச் சிந்தியாமையே இவ்வணிகத்தின் முதலீடு. ஒரு நகரத்தை மற்றொரு நகரத்தின்மேல் ஏவி, இரண்டிடத்தும் பொதுப்பணம் கேட்பது இதனாலன்றோ எளிதாகின்றது? ஆகலின் ஓக்லாந்தின் சார்பிற் பேசும் யாம், அவ்வூர் ஒன்றற்காக மட்டும் பேசினேமல்லேம்.

தீர்வு இல்லாததன்று. 1995 பருவத்தின்பின் கிளீவ்லாந்து நகரத்துக் கால்பந்துச் சங்கம் பால்டிமோருக்குப் பெயர்ந்தபோது, அணியின் பெயரும் நிறமும் வரலாறும் கிளீவ்லாந்துக்கே உரியவை என்று உடன்பாடாயிற்று. 1999-இல் அப்பெயரோடு அணி மீண்டும் அங்கெழுந்தது. அவ்விழப்பைக் கண்ட ஓஹையோ மாகாணம், பொதுப்பணத்தாற் பயன்பெற்ற சங்கம் ஊரைவிட்டுப் பெயருமுன் ஆறு திங்கள் முன்னறிவிப்புத் தந்து, உள்ளூரார் வாங்குதற்கு வாய்ப்பும் தருதல் வேண்டும் என 1996-இல் சட்டம் செய்தது. கொலம்பஸ் நகரத்துக் கால்பந்துச் சங்கத்தை நிலைநிறுத்தப் போராடியோர்க்கு 2018-இல் அச்சட்டம் கைக்கருவியாக உதவிற்று. கிரீன் பே என்னும் சிறுநகரத்திலோ 1923 முதல் ஊராரே பங்குதாரராக நின்று தம் கால்பந்துச் சங்கத்தை நடத்துகின்றனர். ஆதாயப் பங்கு ஒருவர்க்குமில்லை. ஊரின் கையும் சங்கத்தின் உடலும் ஒட்டிவாழ இயலும் என்பதற்கு இது போதிய சான்று.

எனவே யாம் வற்புறுத்துவன மூன்று. பொதுப்பணம் பெறும் சங்கத்தில் ஊர்க்கும் ஒரு பங்கிருத்தல் வேண்டும். பெயர்தற்குமுன் உள்ளூரார்க்கு வாங்கும் வாய்ப்பு முதற்கண் அளிக்கப்படல் வேண்டும். அணி போயினும் பெயரும் வரலாறும் ஊரிலேயே தங்குதல் வேண்டும். இவற்றால் உரிமையாளர் தம் முதலை இழப்பாரல்லர். தம்மதல்லாத ஒன்றைத் தூக்கிச்செல்லும் வாய்ப்பை மட்டுமே இழப்பர்.

ஓக்லாந்து வாளாவிருக்கவில்லை. 'பாலர்ஸ்' என்னும் சிறு சங்கமொன்று 2024-இல் மேற்கு ஓக்லாந்தின் ரெய்மாண்டிப் பூங்காவில் ஆடத்தொடங்கிற்று. பயனியர் லீக் என்னும் சிறிய கூட்டமைப்பைச் சார்ந்தது அது. பொதுமக்கள் பங்குகொள்ளவும் இடமளித்தது. 2025-இல் அக்கூட்டமைப்பின் பட்டத்தையும் வென்றது. உலகத்தொடரோடு ஒப்பிட இது சிறிதே. ஆயினும், 'எங்கள் அணி' என்று அம்மக்கள் கூறுங்கால், 'எங்கள்' என்பதிலுள்ள கிழமையை எவரும் விலைபேசி வேற்றூர்க்கு ஓட்டிச்செல்லலாகாது என்னும் தெளிவோடு தொடங்கியிருக்கின்றனர். தோற்ற அணியின் அபிமானியைக் கண்டு நகைப்போர் இதனை உன்னுவாராக. அவன் சினந்தது ஆட்டத்தில் தோற்றதற்கன்று. தன் கையைப் பிறனொருவன் பசுவென்று எண்ணிச் சந்தைக்கு ஓட்டியதற்கேயாம்.