காணி உறுதியும் வேலை விசாவும்

வெளிநாட்டுக்குப் போவது நல்லதா, கெட்டதா என்ற பழைய வாதத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பங்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது இரண்டாம் முறையும் இடம்பெயர்ந்தன. அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்கு இன்று இருபது, இருபத்தைந்து வயது. சிலரது காணி இன்னும் விடுபடவில்லை. விடுபட்ட காணியிலும் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வேலி அடைத்து, ஒரு போகம் வெங்காயம் வைக்கக் கையில் முதல் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வெளிநாட்டை எண்ணுவதைக் குற்றம் என்று சொல்ல எமக்கு வாய் வராது.

எமது கவலை வேறு. வேலை விசா எதைக் கொடுத்துப் பெறுவது என்பதில் எமது ஊர்களில் ஒரு பெரும் தப்பெண்ணம் ஊறிப்போயிருக்கிறது. காசு கொடுத்தால் விசா வரும் என்று நம்புகிறோம். ஆகவே மிஞ்சியிருக்கும் ஒரேயொரு காணி உறுதி ஈட்டுக்குப் போகிறது. பிள்ளைக்கு மொழியும் தெரியாது, தொழிற் சான்றிதழும் இல்லை; காசு மட்டும் ஏஜென்சிக்காரர் கையில் இருக்கிறது.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால் எமது சனத்தைக் குறைசொல்ல முடியாது. 1983 க்குப் பின் எமது ஊரவர் வெளிநாட்டை அறிந்தது அகதி வழியாலேயே. அந்த வழியில் ஏஜென்சிக்காரருக்குக் காசு, பயணப் பாதை, போய்ச் சேர்ந்தபின் தஞ்சக் கோரிக்கை, இவையே இருந்தன. போகிறவர் என்ன தொழில் தெரிந்தவர் என்று எவரும் கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து உண்டா என்பதே கேள்வியாக இருந்தது. வேலை விசாவின் கணக்கு முற்றிலும் வேறானது. அங்கே ஒரு முதலாளி இருக்கவேண்டும். வெளிநாட்டாரை எடுக்க அந்த முதலாளிக்கு அந்நாட்டு அரசு இடம் கொடுத்திருக்கவேண்டும். அந்த வேலையை இவர் செய்யக்கூடியவர் என்பதற்கு அத்தாட்சி இருக்கவேண்டும். பெரும்பாலான நாடுகள் மொழியறிவையும் கேட்கின்றன. காசு இவற்றுக்கெல்லாம் கடைசியில், கட்டணம், வைத்தியப் பரிசோதனை, விமானச்சீட்டு என்ற அளவில் மட்டும் வருகிறது. ஒரு வழிக்குரிய பழக்கத்தை மற்ற வழிக்குக் கொண்டுபோவதாலேயே இவ்வளவு நட்டம்.

வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எமக்கு ஓர் உரிமை உண்டு என்று நினைக்கிறோம். 1823 இல் அமெரிக்க மிசனறிமார் இங்கே செமினறியைத் தொடங்கினார்கள். அது 1855 இல் மூடப்பட்டபின், 1870களில் அந்த வளவிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமும் கணக்கும் படித்த பிள்ளைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே பிரித்தானியர் றெயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளாக்கர், ஸ்ரேசன் மாஸ்டர், நில அளவையாளர் என்று ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். எமது ஆட்களிடம் அந்தத் தகைமை இருந்தது. அவர்கள் அனுப்பிய காசு ஊரில் காணி வாங்கியது, கல்வீடு கட்டியது. இளைப்பாறி வந்த மலாயாப் பென்சன்காரர் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்த காலம் ஒன்று உண்டு.

அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குள் எல்லாப் பிள்ளைகளும் போக முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவர்களும் காணியில்லாதவர்களும் மலாயாவையும் இழந்தார்கள். ஆனால் போனவர்களைப் பொறுத்தவரை படிப்பு முந்தியது, வேலை அதன் பின்னால், காணி அதற்கும் பின்னால் வந்தது. இன்று நாம் காணியில் தொடங்குகிறோம், அதுவும் விற்பதற்காக.

இனி, இப்போது உள்ள வழிகளைப் பார்ப்போம். எமது பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துவன என்று நாம் கருதுவது கொரியாவும் யப்பானுமே. கொரியாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் 2004 முதல் இரண்டு அரசுகளுக்கிடையில் நடக்கிறது. இலங்கைப் பக்கத்தில் அதைச் செய்வது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஒன்றே. தனியார் ஏஜென்சிக்கு அதில் இடமே இல்லை. “கொரியாவுக்கு எடுத்துவிடுகிறேன்” என்று ஒருவர் வீட்டுக்கு வந்து முற்பணம் கேட்டால், அந்த ஒரு வசனமே அவர் யார் என்பதைக் காட்டிவிடும். வயது 18 க்கும் 39 க்கும் இடையில் இருக்கவேண்டும். கொரிய மொழிப் பரீட்சையில் வாசிப்பும் கேட்டல் விளக்கமும் உண்டு. சித்தியடைந்தால் பெயர் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலிலிருந்து கொரிய முதலாளி தெரிவு செய்யவேண்டும். பரீட்சைப் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். எனவே சித்தியடைந்த எல்லோரும் விமானம் ஏறுவதில்லை. இதைத் தெரியாமல், பரீட்சை எழுதிய கையோடு கடன்பட்டு வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர்கள் இருக்கிறார்கள். போனவர் ஒரே தடவையில் 4 வருடமும் 10 மாதமும் வரை வேலை செய்யலாம். விரும்பியபடி வேலைத்தலத்தை மாற்ற முடியாது. அதற்கு எல்லை போட்டிருக்கிறார்கள்.

யப்பான் 2019 ஏப்ரலில் ‘குறித்த திறன்’ என்ற புது விசாவைத் தொடங்கியது. அதே ஆண்டு இலங்கையோடும் உடன்படிக்கை செய்தது. அந்த விசாவுக்குரிய தொழில்களில் விவசாயமும் ஒன்று. கமக்காரரின் பிள்ளைகளுக்கு இது கவனிக்கத்தக்கது. பட்டப்படிப்புக் கேட்கவில்லை. 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். அடிப்படை யப்பானிய மொழிப் பரீட்சை ஒன்றிலும், அந்தந்தத் தொழிலுக்குரிய திறன் பரீட்சையிலும் சித்தியடையவேண்டும். விவசாயத்துக்குரிய பரீட்சையில் பயிர்ச்செய்கை, கால்நடை வளர்ப்பு என்று பிரிவுகள் உண்டு. முதல் தர விசாவில் ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. சம்பளம் அதே வேலை செய்யும் யப்பானியரின் சம்பளத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதே தொழிலுக்குள் முதலாளியை மாற்றவும் இடமுண்டு. ஆண்டு முழுவதும் மண்ணோடு நின்ற ஒரு பிள்ளைக்குத் திறன் பரீட்சை பெரிய மலையல்ல. மலை என்றால் மொழிதான்.

அந்த மலையும் எமக்குச் சற்றுப் பதிவானது. யப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் எமது மொழியைப் போலவே வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு போன்ற சிறு சொற்கள் பெயரின் பின்னால் ஒட்டி நிற்கின்றன. “நான் கடையில் அரிசி வாங்கினேன்” என்று நாம் அடுக்கும் அதே ஒழுங்கில் அவர்களும் அடுக்குகிறார்கள். யப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழும் யப்பானிய மொழியும் உறவு மொழிகள் என்று வாதித்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். உறவு உண்டா இல்லையா என்பதை மொழியறிஞர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது ஒருபுறம் கிடக்கட்டும். வசன அமைப்பு எமது பிள்ளைக்குக் கைகொடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. தென்னிலங்கைக் கிராமங்களில் கொரிய மொழி வகுப்புக்குப் போவது ரியூசனுக்குப் போவதுபோல் வழமையாகிவிட்டது. எமது பக்கத்தில் அது போதாது. ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் இதற்கென ஒதுக்கக் கூடாதா? கட்டடம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவரைத் தேடும் செலவை இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்தால் தாங்கலாம்.

தொழிற் சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். இடம்பெயர்ந்து வந்த கமக்காரரில் எத்தனையோ பேர் மண்வெட்டியை வைத்துவிட்டு மேசன் கரண்டி எடுத்தார்கள். வேறு சிலர் வெல்டிங் பழகினார்கள், வாட்டர்பம்பும் லான்ட்மாஸ்டரும் திருத்தினார்கள். இருபது வருடம் வேலை செய்தும் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பள்ளிக்கூடம் போய்ப் படிக்காமல் வேலைத்தலத்தில் பழகிய தொழிலையும் சோதித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஒழுங்கு எமது நாட்டில் உண்டு. தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. செய்துகாட்டச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள், செய்த வேலைகளின் அத்தாட்சியைப் பார்ப்பார்கள். மேசனுக்கு இது பயப்படவேண்டிய பரீட்சையல்ல. வெளிநாடு போகாவிட்டாலும் இந்தச் சான்றிதழ் இங்கேயே பயன்படும். விசாவுக்குக் கொடுத்த காசைப்பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இஸ்ரேலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனெனில் அது விவசாய வேலை. 2023 நவம்பரில் செய்த உடன்படிக்கையின்படி 10,000 இலங்கையரை அங்கே தோட்ட வேலைக்கு எடுக்க இணங்கினார்கள். அதுவும் அரசுக்கு அரசு செய்த ஒழுங்குதான். ஆனால் அந்த இடங்கள் ஏன் வெறுமையாகின? அவ்வாண்டு ஒக்டோபர் 7 தாக்குதலில் தாய்லாந்துத் தோட்டத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர், பலர் பிடித்துச் செல்லப்பட்டனர்; ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். பலஸ்தீனத் தொழிலாளரின் வேலை அனுமதிகள் நிறுத்தப்பட்டன. போரினால் வெறுமையான தோட்டத்துக்குப் போரினால் தோட்டத்தை இழந்தவரின் பிள்ளை போகிறது. சம்பளம் கவர்ச்சியானதுதான். எனினும் இந்த முடிவை வீட்டில் எல்லோரும் இருந்து பேசித்தான் எடுக்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

பிரித்தானியாவும் கனடாவும் எமது ஊரவருக்கு நெருங்கிய பெயர்கள். அதனாலேயே அங்கே ஏமாற்றும் அதிகம். பிரித்தானியா 2022 பெப்ரவரியில் பராமரிப்புத் தொழிலாளருக்கு விசா திறந்தது. பெருந்தொகை கொடுத்துப் போன பலர், போனபின் வேலையே இல்லாமல் நின்றார்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைக்கும் உரிமை நிறுத்தப்பட்டது. 2025 ஜூலை 22 இல் வெளிநாட்டிலிருந்து இந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. பார்வையாளர் விசாவில் கனடா போய் அங்கிருந்தபடியே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தற்காலிகச் சலுகை 2020 ஓகஸ்டில் வந்தது, 2024 ஓகஸ்ட் 28 இல் போய்விட்டது. மூடிய கதவுக்கு இன்னும் சீட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுவிட்ட தமையன் போன வழி இரண்டு வருடத்துக்கு முந்திய வழி என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

சுற்றுலா விசாவில் ஏற்றி, “அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். 2022 இல் பார்வையாளர் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட எமது நாட்டுப் பெண்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. கணினி வேலை என்று தாய்லாந்துக்குப் போன இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அருகே மூழ்கவிருந்த கப்பலிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டனர், பெரும்பாலோர் தமிழர். கனடா என்று சொல்லி ஏற்றப்பட்டவர்கள் அவர்கள்.

ஏஜென்சி எல்லாம் கள்ளம் என்று நாம் சொல்லவில்லை. மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டும். அனுமதிப்பத்திரம் இருந்தாலும், குறித்த நாட்டுக்கு, குறித்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அங்கீகாரம் கொடுத்திருக்கவேண்டும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். 1989 என்ற பணியகத் தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்; வட்டுக்கோட்டையாருக்கு அது சங்கானையில் உள்ள வலிகாமம் மேற்குப் பிரதேச செயலகம். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வீடு திரும்பவேண்டாம். ஒப்பந்தத்தைத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்தபோது பிறப்புப் பதிவு, பாடசாலை விடுகைப்பத்திரம் தொலைத்தவர்கள் விசா வரும் நேரத்தில் ஓடித்திரியாமல் இப்போதே பிரதிகளை எடுத்துவைப்பது நல்லது. கடவுச்சீட்டுக்கு இப்போது கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போகவேண்டியதில்லை. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு உண்மையாகவே வேலை கிடைத்து, பயணச் செலவுக்குக் காசு தேவைப்படலாம். அப்போது காணி உறுதியை வெளியில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். எடுக்கப்படும் காணி பெரும்பாலும் தாயின் அல்லது சகோதரியின் சீதனக் காணி. கடன் கொடுப்பவர் சிலர் ‘ஈடு’ என்று வாயால் சொல்லிக்கொண்டு, தவணை தப்பினால் காணி தமக்கே போகும்படி அறுதி உறுதியில் கையெழுத்து வாங்குகிறார்கள். எழுதியிருப்பது என்ன என்பதைக் கடன் கொடுப்பவரின் நொத்தாரிசு அல்லாத வேறொரு சட்டத்தரணியிடம் காட்டி அறிந்த பின்னரே கையெழுத்து வையுங்கள். முடிந்தால் எமது தேசவழமையில் உள்ள ஒத்தி முறையைக் கேளுங்கள். அதில் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகத் தோட்டத்தின் விளைச்சலை எடுப்பார். முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணி திரும்பிவரும். அவர் அதுவரை பயிர் செய்வதால் கிணறும் தூராது, வேலியும் விழாது.