கிராப் அழகாக இருந்தால் போதுமா?

நியூரல் நெட்வொர்க் நாளை நடக்கப்போவதைச் சொல்லிவிடும் என்று யாராவது ஒரு கிராப்பைக் காட்டினால் உடனே அசந்து போகாதீர்கள். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இந்த ஆச்சரியம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் பணம் போடுகிறவர்கள் ஆச்சரியத்தோடு நின்றுவிட்டால் நஷ்டம்.

இராஜபாளையத்தையே எடுத்துக் கொள்வோம். இங்குள்ள நூற்பாலைகள் பலவும் சொந்தத் தேவைக்காகக் காற்றாலைகளில் முதலீடு செய்திருக்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எத்தனை மணிக்குப் பறக்கும் என்பதுதான் கேள்வி! நம் நாட்டில் மின்சார நிர்வாகத்துக்காக ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, அதாவது 96 துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காற்றாலைகளுக்கும் இதைக் கொண்டுவரும் விதிமுறைகளைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்டது. சொன்னதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் எல்லை மீறினால் பணம் கட்ட வேண்டும். காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். எனவே வேகத்தில் 10 சதவீதம் கூடினால் சக்தியில் 33 சதவீதம் கூடிவிடும். சின்னப் பிசகு, பெரிய பில்.

இங்கேதான் நியூரல் நெட்வொர்க் வருகிறது. கடந்த சில மணி நேரத்து அளவுகளை வரிசையாகக் கொடுத்து, அடுத்தது என்ன என்று கேட்பார்கள். அது ஓர் எண்ணைச் சொல்லும். உண்மையில் வந்த எண்ணோடு ஒப்பிட்டு, தவறு குறையும்படி உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் திருத்துவார்கள். இதையே பல்லாயிரம் தடவை செய்வதுதான் டிரெயினிங். முன்பு வந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் எல்.எஸ்.டி.எம். என்ற வகையை ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் 1997-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 700 மெகாவாட் காற்றாலைகளின் உற்பத்தியை 36 மணி நேரம் முன்பே கணிப்பதாக கூகுளின் டீப்மைண்ட் 2019-ல் அறிவித்தது. அதற்கு வானிலை முன்னறிவிப்பையும் சேர்த்தே கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆக, வித்தை பொய்யில்லை.

என் குறையெல்லாம் கிராப் மீதுதான். உண்மை அளவு நீலக் கோடு, கணிப்பு சிவப்புக் கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். உற்றுப் பாருங்கள், சில சமயம் சிவப்பு ஒரே ஒரு படி பின்னால் வரும். இப்போது வீசுவதுதான் அடுத்தும் வீசும் என்பதை மட்டுமே அது கற்றிருக்கிறது. அதை வாட்ச்மேனே சொல்லிவிடுவார்.

நம்பிக்கை இல்லையா? எக்ஸெல்லைத் திறந்து, உங்கள் ஊரின் மணிவாரிக் காற்று வேகத்தை ஒரு காலத்தில் அடியுங்கள். அதையே காப்பி செய்து பக்கத்துக் காலத்தில் ஒரு வரி கீழே தள்ளி பேஸ்ட் செய்யுங்கள். இரண்டுக்கும் லைன் சார்ட் போடுங்கள். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! நீங்கள் எதையுமே கணிக்கவில்லை.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு, பெரும்பாலும் தெரியாமல் செய்வது. அளவுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, பாதியில் டிரெயினிங், மீதியில் பரீட்சை. 10 மணிக்கும் 10.30-க்கும் விடை தெரிந்த மாணவனிடம் 10.15-ஐக் கேட்டால் சொல்லமாட்டானா? போன வருடம் வரை கற்றுக் கொடுத்து, இந்த சீசனில் சோதிக்க வேண்டும். அந்தத் தவறு எவ்வளவு, வாட்ச்மேன் கணிப்பின் தவறு எவ்வளவு என்று இரண்டு எண்களையும் கேளுங்கள். காட்டத் தயங்கும் விற்பனையாளருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.