திரையரங்குக்கு அழுதவர்கள் தெருவுக்கு அழுதார்களா?

2018 ஜனவரி 28. நியூயார்க்கின் லிங்கன் பிளாசா சினிமாஸ் கடைசிக் காட்சியோடு மூடப்பட்டது. கலைப்பட ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். எங்கள் பேட்டை அரங்கு போய்விட்டதே என்று மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள்.

அந்த அழுகையை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. டேன் டால்பட்டும் அவர் துணைவி டோபியும் 1981இல் தொடங்கிய அரங்கு அது. டால்பட்டின் விநியோக நிறுவனம்தான் செனகலின் உஸ்மான் செம்பேன் எடுத்த படங்களை அமெரிக்காவில் வெளியிட்டது. அது சிறிய பங்களிப்பு அல்ல.

ஆனால் ஒரு கேள்வி. அது யாருடைய பேட்டை?

அரங்குக்கு எதிரே இருப்பது லிங்கன் சென்டர். அது எழும்பிய மண்ணில் முன்பு சான் யுவான் ஹில் இருந்தது. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த பகுதி. 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ராபர்ட் மோசஸ் அதற்கு ‘ஸ்லம்’ என்று முத்திரை குத்தினார். 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் விரட்டப்பட்டன. அங்கே ஓபராவும் பாலேவும் குடியேறின. இந்த முத்திரை எப்படி வேலை செய்யும் என்று சேரியிலிருந்து வந்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கொடுமை அதோடு முடியவில்லை. இடிபடவிருந்த அந்தத் தெருக்களிலேயே ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்தின் காட்சிகளை எடுத்தார்கள். 1961இல் படம் வந்தது. போர்ட்டோ ரிக்கோ நாயகியாக நடித்தவர் வெள்ளையரான நாட்டலி வுட். மக்களை அகற்றினார்கள், அவர்கள் கதையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இனி அரங்கின் முடிவுக்கு வருவோம். பார்க்க ஆளில்லாமல் அது மூடப்படவில்லை. கட்டட உரிமையாளர் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று ஏழைகளை விரட்டியதும் நிலத்தின் மீதான அதிகாரம். பிறகு ரசிகர்களை வெளியே அனுப்பியதும் அதே அதிகாரம். முதல் வெளியேற்றத்தை நகரத்தின் வளர்ச்சி என்று ஏற்றுக்கொண்ட சமூகத்திடம், இரண்டாவதைத் தடுக்கக் கண்ணீரைத் தவிர வேறு ஆயுதம் இருக்கவில்லை.

கல்லூரிகளில் திரைப்பட வட்டம் நடத்தும் தோழர்களே, நல்ல படம் போடுவது பாதி வேலைதான். திரையிடும் இடம் யாருடையது, அதன் சாவி யார் கையில், அந்த மண்ணில் முன்பு குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? படத்தைப் பற்றிப் பேசும் முன் இதைப் பேசுங்கள். முன்வரிசையில் அந்த மக்களை உட்கார வையுங்கள். அவர்கள் இல்லாத அரங்கு எவ்வளவு உயர்ந்த படம் போட்டாலும், அதைப் பேட்டை அரங்கு என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.