யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

செய்த வேலையால் மக்களுக்குப் பலன் உண்டா என்று தொண்டு நிறுவனங்களின் டிரஸ்டிகள் ஆய்வு கேட்டால் நாம் வரவேற்போம். ஆனால் பலனைச் சொல்ல வேண்டியது யார்? காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்கிவிடும் ஆய்வாளரா?

கொடைக்கானலை நாம் மறக்கவில்லை. இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் பாக்டரியின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமாயிற்று. அம்பலப்படுத்தியவர்கள் தொழிலாளரும் ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற தொண்டு அமைப்பும், கிரீன்பீஸும். கம்பெனியோ நிபுணர் அறிக்கைகளை நீட்டி, தொழிலாளர் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை என்றது. உடம்புக்குச் சொந்தக்காரன் சொன்னது எடுபடவில்லை! 15 ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2016ல் 591 தொழிலாளருக்குப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கும் கருணைத் தொகை என்று பெயர்.

2021ல் வந்த விதிப்படி, பெரிய கம்பெனிகள் 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவிடும் சமூகத் திட்டங்களைத் தனி அமைப்பைக் கொண்டு ஆராய வேண்டும். அந்த அமைப்பை அமர்த்துவது யார்? அதே கம்பெனி!

டிரஸ்டிகளே, தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்ணை ஆய்வுக் குழுவில் உட்கார வையுங்கள். அன்றைக்கு அவள் இழக்கிற கூலியையும் கொடுங்கள். தோற்ற திட்டத்தைத் தோற்றது என்று எழுதும் ஊழியரின் வயிற்றில் அடிக்காதீர்கள். அடுத்த தவணைப் பணம் தருமுன், அறிக்கையைத் தமிழில் அச்சடித்துக் கடைவீதியில் படித்துக் காட்டுங்கள்.