பபலோவும் கான்ஸஸ் சிட்டியும்

பந்தாட்ட உலகில் தீராப் போட்டி என்பது பெரும்பாலும் அண்டையயலாருக்குள் எழுவதாகும். ஒரே நகரத்தின் இரு கட்சியார், ஒரே ஆற்றின் இரு கரையூரார், இவர்களுக்குள் அது மூளுவதைக் கண்டு ஒருவரும் வியப்பதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பபலோ பில்ஸ், கான்ஸஸ் சிட்டி சீஃப்ஸ் என்னும் இரு கட்சிகளுக்குள் சில ஆண்டுகளாக வளர்ந்து வந்த போட்டியோ அவ்வகையைச் சார்ந்ததன்று. முன்னது நயாகரா வீழ்ச்சிக்கு அருகில், ஈரி ஏரிக்கரையில், பனி மூடிக் கிடக்கும் ஊர். பின்னது நாட்டின் நடுவே மிசௌரி ஆற்றங்கரையில் உள்ளது. பெயரில் கான்ஸஸ் இருந்தும் மிசௌரி ராஜ்யத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையே எல்லைத் தகராறுமில்லை, பழம்பகையுமில்லை.

அந்நாட்டுத் தொழில்முறைச் சங்கத்தில் 32 கட்சிகள் உள. அவை நந்நான்காக எட்டுப் பிரிவுகளாய் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே பிரிவினர் ஆண்டுக்கு இருமுறை எதிர்ப்படுவர். பபலோ கிழக்குப் பிரிவிலும், கான்ஸஸ் சிட்டி மேற்குப் பிரிவிலும் இருப்பதால், மூன்றாண்டுக்கொரு முறை இவை சந்திப்பது ஏற்பாடு. இடைப்பட்ட ஆண்டுகளில், முந்திய பருவத்தில் இரு கட்சிகளும் தத்தம் பிரிவில் ஒரே படியில் நின்றாலன்றிப் பருவ ஆட்டத்தில் சந்திப்பதில்லை. அவ்வாறிருந்தும் 2020 முதல் 2025 வரை ஆண்டு தவறாமல் சந்தித்தன. இரண்டும் முதற்படியிலேயே நின்றமையே காரணம். ஆதலின் இப்போட்டியை ஊரபிமானம் பெற்ற பிள்ளை என்பதைவிடத் தகுதி பெற்ற பிள்ளை என்பதே பொருந்துமென்று நாம் கருதுகிறோம்.

பழங்கதை சிறிது உண்டு. இரு கட்சிகளும் 1960ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்கன் கால்பந்துச் சங்கத்தின் மூலக் கட்சிகள். சீஃப்ஸ் அப்போது டல்லஸ் நகரத்தில் வேறு பெயர் பூண்டிருந்தது. 1967 ஜனவரி முதல் தேதி பபலோ மைதானத்தில் 31-7 என்று வென்ற சீஃப்ஸே முதலாவது சூப்பர் பௌல் பந்தயத்திற்குச் சென்றது. 1994 ஜனவரியில் பில்ஸ் 30-13 என்று அதற்கு ஈடு செய்தது. இவற்றைப் போட்டியென்பதைக் காட்டிலும் அறிமுகமென்பதே தகும்.

மெய்யான வித்து 2017இல் விழுந்தது. கல்லூரி ஆட்டக்காரரைக் கட்சிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்துகொள்ளும். அம்முறையைத் தமக்குள் மாற்றிக்கொள்ளவுங் கூடும். அவ்வாண்டு பத்தாம் முறை பபலோவினுடையது. அதனை அவர்கள் கான்ஸஸ் சிட்டிக்குக் கொடுத்து, வேறு முறைகளைப் பெற்றுக்கொண்டார்கள். பெற்றவர்கள் பாட்ரிக் மஹோம்ஸ் என்னும் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு பபலோ ஜாஷ் ஆலனைத் தேர்ந்தது. தன் வாளைத் தானே விற்றுவிட்டு, பிறகு அவ்வாளுக்கு எதிரே நிற்கக் கேடயந் தேடியவன் நிலை இது. எனினும் ஆலனும் வெறுங் கேடயமல்லர். 2024 பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்கே கிடைத்தது.

2022 ஜனவரி 23ஆம் தேதி ஆட்டத்தை மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிஷத்திற்குள் இரு கட்சியாருமாக 25 புள்ளிகள் எடுத்தனர். 13 விநாடியே எஞ்சியிருக்கையில் பபலோ 36-33 என்று முந்திற்று. வெற்றி கையில் வந்துவிட்டதென்றே எவரும் எண்ணுவர். அந்தப் பதின்மூன்று விநாடிக்குள் மஹோம்ஸ் இரண்டு எறிகளால் 44 கெஜம் கடத்த, ஹாரிசன் பட்கர் பந்தைக் கம்பங்களிடையே உதைத்துச் சமன் செய்தார். பின்னர் நாணயம் சுண்டப்பட்டது. சீஃப்ஸ் வென்று பந்தைப் பெற்று, டிராவிஸ் கெல்சி எல்லைக்கோட்டைக் கடந்ததும் ஆட்டம் முடிந்தது. மிகுதி நேரத்தில் ஆலன் பந்தைத் தொடவேயில்லை. சீஃப்ஸும் மூன்றாண்டுகளுக்கு முன் இதே துன்பத்தை அனுபவித்து, 2019இல் விதியை மாற்றுமாறு கேட்டு ஏமாந்த கட்சிதான். பபலோவின் தோல்விக்குப் பின், 2022 மார்ச்சில், வெளியேற்றச் சுற்றுகளில் இரு கட்சிக்கும் பந்து கிடைத்தே தீரவேண்டுமென்று விதி திருத்தப்பட்டது. நல்ல போட்டி ஆட்டத்தையே திருத்துமென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அப்புதிய விதியின்கீழ் முதன்முதல் மிகுதி நேரத்தில் தீர்ந்த பந்தயத்தை, அதாவது 2024 பிப்ரவரி சூப்பர் பௌலை, வென்றவர்களும் சீஃப்ஸே என்பது காலத்தின் குறும்பு.

ஒரு சாரார் ஆட்சேபிப்பர். 2020 முதல் 2025 வரை நடந்த ஆறு பருவ ஆட்டங்களுள் ஐந்தில் பபலோ வென்றது. தோற்றவர் வெளியேறும் சுற்றுகளிலோ 2021, 2022, 2024, 2025 ஜனவரிகளில் நான்கு முறை எதிர்ப்பட்டு நான்கிலும் தோற்றது. ஒருவனே வெல்வது போட்டியாகுமோ என்பது அவர்கள் வினா. நாம் அதனை ஒப்போம். அந்நான்கனுள் கடைசி இரண்டும் மும்மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிந்தவை: 27-24, 32-29. தோற்பான் இவ்வளவு நெருங்கி நில்லாதிருந்தால் வென்றான் பெருமையும் இத்துணை விளங்கியிராது.

நமக்குள்ள குறை வேறு. பத்திரிகைகள் இதனை ஆலன், மஹோம்ஸ் என்னும் இருவருடைய மற்போராகவே தீட்டிவிட்டன. அவ்விருவரும் ஒரு கணமேனும் ஒருங்கே களத்தில் நிற்பதில்லை; ஒருவர் ஆடும்போது மற்றவர் ஓரத்திலிருந்து பார்ப்பவரே. ஒவ்வொருவரும் எதிர்ப்பது மறுகட்சியின் காவலர் பதினொருவரை. அக்காவலர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

ரசிகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020 நவம்பரில் ஆலனுடைய பாட்டியார் காலமானபோது, பபலோ மக்கள் அவ்வூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு, ஆலனின் சட்டை எண்ணைக் குறித்துப் பதினேழு பதினேழு டாலராக நன்கொடை அனுப்பினர். 2022இல் அந்தப் பதின்மூன்று விநாடி ஆட்டத்திற்குப் பின், வென்ற கான்ஸஸ் சிட்டி ரசிகர்கள் அதே ஆஸ்பத்திரிக்குப் பதின்மூன்று டாலராக அனுப்பத் தொடங்கினார்கள். தொகை லட்சம் டாலரைக் கடந்தது. எல்லாரும் இத்தகையரென்று சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில் சமன் செய்ய வேண்டிய உதையை வலப்புறம் தவறவிட்ட டைலர் பாஸை, அவருடைய சொந்தக் கட்சி அபிமானிகளுட் சிலரே வசைமாரி பொழிந்து சமூக வலைத்தளங்களினின்று ஓடச் செய்தனர். மற்றவர்கள் அதற்கு மறுமொழியாக, அவர் ஆதரித்து வந்த பபலோ பூனைக் காப்பகத்திற்கு இருபத்திரண்டு டாலராக அனுப்பி, அதனையும் லட்சத்திற்கு மேல் ஏற்றிவிட்டார்கள்.