இசையும் உடன்பிறப்பும்

இசை நோய் தீர்க்கும் என்று மேடையிற் கூறுதல் எளிது. அச்சொல்லை நம்பி, பேசாத பிள்ளையைப் பேசவைக்கும் மருந்தாக அதனை நாடும் பெற்றோர் அடையும் ஏமாற்றமோ பெரிது. ஆகவே உள்ளதை உள்ளவாறு உரைத்தல் ஆசிரியர்க்குக் கடனாகும்.

ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் மூளை வளர்ச்சியின் ஒரு வேறுபாடாகும். 1943 இல் லியோ கானர் அதனை விரித்தெழுதியபோதே, ஒரு வயதிற் பல மெட்டுக்களைப் பிழையறப் பாடிய சிறுவனொருவனைக் குறித்துள்ளார். 1959 இல், அமெரிக்க இசையமைப்பாளர் போல் நோர்டொஃபும் ஆசிரியர் கிளைவ் ரொபின்சும் இங்கிலாந்தின் சன்ஃபீல்ட் சிறுவர் இல்லத்தில் வளர்ச்சி வேறுபாடுடைய பிள்ளைகளோடு இசைவழிப் பணி தொடங்கினர். பிள்ளை முரசில் எத்தாளம் அடித்ததோ, எச்சுருதியில் அழுததோ, அதனையே பியானோவில் ஏற்று விடையளித்தனர். 'உன்னைக் கேட்டேன்' என்பதே அவ்விடையின் பொருள்.

இதனாற் பயனுண்டோ? ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடந்து 2017 இல் வெளிவந்த ஆய்வு, மதியிறுக்கத்தின் முதன்மைக் குறிகள் இதனாற் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றது. 2022 இல் 26 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடோ, பொதுவான முன்னேற்றமும் வாழ்க்கைத்தர உயர்வும் உண்டாகக்கூடும் என்றது. மருந்தென முழங்கவும் இடமில்லை. வீணெனத் தள்ளவும் இடமில்லை.

யான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அவ்வீட்டின் மற்றப் பிள்ளையை நினைப்பார் அரியர். முன்னொருகால் என் வகுப்பு மாணவனொருவன் வீட்டுவேலை செய்யாது நாடோறும் வந்தான். கண்டித்தேன், வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். உறங்காத, பேசாத தம்பியோடு இரவெல்லாம் விழித்திருப்பவன் அவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அத்தவற்றை இன்றும் மறந்தேனில்லை. எவர் அழைத்தாலும் திரும்பாத அத்தம்பி, அண்ணன் மேசையில் தாளமிட்டால் மாத்திரம் தானும் தட்டுவான் என்று தாயார் கூறினார். பகலிரவாய்க் காவலிருந்தவன் அத்தாளத்தின்போது விளையாட்டுத் தோழனானான். தம்பியிடமிருந்து அவனுக்கும் ஏதோ திரும்பக் கிடைத்தது.

ஆதலின், இசைச் சிகிச்சை நடைபெறும் அறையில் உடன்பிறந்தார்க்கும் ஓர் இடம் வேண்டும். விழா நினைவாக மண்டபம் எழுப்ப எண்ணும் பழைய மாணவர்காள்! நம் சங்கீத அறையை வாரத்தில் ஒரு மாலை இப்பிள்ளைகட்கும் அவர்தம் உடன்பிறந்தார்க்கும் திறந்துவிடுமின். தேர்ச்சி பெற்ற ஒருவரை அமர்த்தப் பொருளுதவுமின். அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் பிறிதில்லை.