கடல் கடந்த ஆட்டக்காரர்கள் கரை சேராதது ஏன்?

2022-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி. கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி.

ஒரு பக்கம் அர்ஜென்டினா. மெஸ்சி ஆடுகிறார். மறு பக்கம் ஆஸ்திரேலியா. அர்ஜென்டினாவுக்கு 2 கோல். ஆஸ்திரேலியாவுக்கு 1 கோல். ஆட்டம் முடிய இன்னும் சில வினாடிகளே இருந்தன.

அப்போது அர்ஜென்டினா கோலுக்கு மிக அருகில் ஓர் ஆஸ்திரேலிய இளைஞருக்குப் பந்து கிடைத்தது. சட்டென்று திரும்பினார். ஓங்கி அடித்தார். கோல் கீப்பர் மார்ட்டினஸ் பாய்ந்து விழுந்து தடுத்துவிட்டார். கோடிக் கணக்கான பேர் மூச்சு விட்டார்கள்.

அந்த இளைஞரின் பெயர் கராங் குவோல். அப்போது வயது 18. பெற்றோர் தெற்கு சூடான் அகதிகள். எகிப்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் ஷெப்பர்டன் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். 1958-ல் பெலே ஆடியதற்குப் பிறகு, உலகக் கோப்பையின் நாக்-அவுட் கட்டத்தில் இறங்கிய மிக இளைய ஆட்டக்காரர் இவர்தான்.

இங்கிலாந்தின் நியூகாசில் கிளப் அதற்கு முன்பே அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. "அடடா! பையன் பிழைத்துக்கொண்டான்" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

என்ன நடந்தது தெரியுமா?

நியூகாசில் அவரை ஸ்காட்லாந்துக்கு இரவல் கொடுத்தது. பிறகு ஹாலந்துக்கு இரவல் கொடுத்தது. 2024-25 பருவத்தில் எங்கே கொடுத்தது? அவர் புறப்பட்டு வந்த அதே ஆஸ்திரேலியக் கிளப்புக்கே! நியூகாசில் சட்டை போட்டுக்கொண்டு ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை.

இவர் ஒருவர் கதை மட்டும் அல்ல இது.

டேனியல் அர்சானி என்று ஒருவர். 2018 உலகக் கோப்பைக்கு வந்த ஆட்டக்காரர்களிலேயே வயதில் இளையவர். அதே ஆண்டு மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்தது. எடுத்த கையோடு ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்கு இரவல் கொடுத்தது. அக்டோபர் மாதக் கடைசியில் முதல் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சிறிது நேரத்தில் முழங்கால் நரம்பு அறுந்தது. பிறகு ஹாலந்து, டென்மார்க், பெல்ஜியம் என்று சுற்றிவிட்டு 2022-ல் ஊர் திரும்பினார்.

நெஸ்டோரி இரன்குண்டா என்று இன்னொருவர். டான்சானியாவில் அகதி முகாமில் பிறந்தவர். அடிலெய்டு நகரில் ஆடினார். 2024-ல் ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக் அழைத்துக்கொண்டது. 18 வயதில் அங்கே போனார். அந்தக் கிளப்பின் முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டமும் ஆடாமல், 2025-ல் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவுக் கிளப்பான வாட்போர்டுக்கு மாறினார்.

ஏன் இப்படி?

சொகுசுப் பிள்ளைகளா?

சிலர் சுலபமாக ஒரு பதில் சொல்லிவிடுவார்கள். "ஆஸ்திரேலியாவில் நல்ல வெயில், நல்ல கடற்கரை, நல்ல சம்பளம். சொகுசாக வளர்ந்த பிள்ளைகள். ஐரோப்பாவின் குளிரும் மழையும் தாங்காமல் ஓடி வந்துவிடுகிறார்கள்" என்பார்கள்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அகதி முகாமில் பிறந்த பையனைச் சொகுசுப் பிள்ளை என்று எந்த வாயால் சொல்வது?

பழைய கதையைப் பாருங்கள். ஜோ மார்ஸ்டன் என்பவர் சிட்னிக்காரர். 1950-ம் ஆண்டிலேயே இங்கிலாந்து போனார். பிரஸ்டன் கிளப்பில் ஐந்து ஆண்டுகள் ஆடினார். 1954-ல் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடினார். அந்த இறுதி ஆட்டத்தில் கால் வைத்த முதல் ஆஸ்திரேலியர் அவர். அவருடைய அணி 3-2 என்று தோற்றது. அதனால் என்ன? ஆஸ்திரேலிய லீக் இறுதி ஆட்டத்தில் சிறப்பாக ஆடுகிறவருக்குத் தரும் பதக்கத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கிரேக் ஜான்ஸ்டன் கதை இன்னும் வேடிக்கை. 15 வயதில் மிடில்ஸ்பரோ கிளப்புக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன். பையன் ஆடியதைப் பார்த்துவிட்டு, தாம் கண்ட ஆட்டக்காரர்களிலேயே மட்டமானவன் இவன்தான், ஊருக்குத் திரும்பிப் போகட்டும் என்று சொல்லிவிட்டாராம். ஜான்ஸ்டனே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

பையன் போகவில்லை. சார்ல்டன் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து, கார் நிறுத்தும் இடத்தில் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகினான். பிறகு லிவர்பூல் கிளப்பில் சேர்ந்து, 1986 எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் போட்டான்!

1990-களிலும் 2000-களிலும் ஒரு பட்டாளமே போனது. மார்க் விடுகா, ஹாரி கியூவெல், மார்க் சுவார்சர், டிம் கேஹில். 2000 நவம்பரில் லிவர்பூலுக்கு எதிராக லீட்ஸ் கிளப் போட்ட நான்கு கோல்களையும் விடுகா ஒருவரே போட்டார். 2003-ல் லண்டனில் இங்கிலாந்து அணியையே ஆஸ்திரேலியா 3-1 என்று தோற்கடித்தது.

ஆகவே காலில் குறை இல்லை. நெஞ்சிலும் குறை இல்லை. பின்னே எதில் குறை?

ஏணி இல்லாத ஊர்

ஆஸ்திரேலியாவில் "கால்பந்து" என்று சொன்னால், "எந்தக் கால்பந்து?" என்று திருப்பிக் கேட்பார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையிலும் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டங்கள்தான் அங்கே ராஜா. உருண்டைப் பந்து ஆட்டம் பின்னால் நிற்பது. அதை வளர்த்தவர்கள் யார்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியேறிய குரோஷியர்கள், கிரேக்கர்கள், இத்தாலியர்கள். ஆளுக்கு ஒரு கிளப் வைத்தார்கள். விடுகா அப்படிப்பட்ட ஒரு மெல்போர்ன் குரோஷியக் கிளப்பில் வளர்ந்தவர்தான்.

கான்பெரா நகரில் 1981-ல் அரசு விளையாட்டுக் கழகம் பிறந்தது. கால்பந்துப் பையன்களை அங்கேயே தங்க வைத்துத் தினமும் பயிற்சி கொடுத்தார்கள். விடுகா, லூகாஸ் நீல் எல்லாம் அங்கே பயின்றவர்கள். அந்தக் கால்பந்துப் பயிற்சி 2017-ல் நிறுத்தப்பட்டது.

பழைய தேசிய லீக் 2004-ல் முடிந்தது. 2005-ல் ஏ-லீக் என்ற புதிய லீக் வந்தது. குடியேறியவர்களின் பழைய கிளப்கள் வெளியே நின்றன. பழைய லீக்கில் பணம் இல்லை, கூட்டமும் இல்லை என்பது உண்மைதான். மாற்றம் தேவைதான். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்பையும் உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புதிய லீக்கில் ஒரு பெரிய குறை. இங்கிலாந்தில் கடைசி இடத்துக்கு வரும் கிளப்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். கீழே ஜெயித்தவை மேலே ஏறும். அதனால் ஒவ்வோர் ஆட்டமும் வாழ்வா சாவா என்று நடக்கும். ஏ-லீக்கில் இறக்கமும் இல்லை; ஏற்றமும் இல்லை. கடைசியில் வந்தாலும் அடுத்த ஆண்டு அதே இடம். இந்த வெப்பத்தில் வேகாத பையன், ஐரோப்பா போனதும் கொதிக்கிற எண்ணெயில் விழுகிறான்.

ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். 2024-25 பருவத்தில் ஏ-லீக் கிளப் ஒன்றுக்கு 26 லீக் ஆட்டங்கள். இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவிலோ 46. இளைஞர்களுக்கென்று நடந்த தேசிய லீக்கும் 2020-ல் நின்றுவிட்டது. 18 வயதுப் பையன் எங்கே ஆடிப் பழகுவான்?

நியூகாசில் ஒப்பந்தம் செய்தபோது குவோல், ஏ-லீக்கில் ஒரு தடவைகூட முதல் பதினொருவரில் ஒருவராக இறங்கியதில்லை! எல்லாம் பாதியில் இறங்கிய ஆட்டங்கள்தான். அந்த அளவு பழக்கத்தோடு உலகத்தின் மிகக் கடினமான லீக்குக்குப் போனார்.

நாற்று நடுகிறவர்களுக்கு இது தெரியும். நாள் ஆகாத நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் பிடிக்காது. குற்றம் நாற்றின் மேல் இல்லை.

இரவல் வியாபாரம்

பெரிய கிளப்களின் கணக்கு வேறு. பத்து இளைஞர்களை வாங்குவார்கள். பத்துப் பேரையும் பத்து ஊருக்கு இரவல் விடுவார்கள். ஒருவர் தேறினால் போதும். லாபம்! மற்ற ஒன்பது பேர் யார் என்று கேட்க ஆள் இல்லை. அர்சானி ஆடிய மெல்போர்ன் சிட்டிக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் முதலாளி ஒருவரே. ஒரு கடையில் இருந்த சரக்கை இன்னொரு கடைக்கு மாற்றியதுபோல முடிந்துவிட்டது.

இரவல் பையன் நிலை எப்படி இருக்கும்? ஆறு மாதத்துக்கு ஒரு ஊர். ஒரு பாஷை. ஒரு பயிற்சியாளர். நாளைக்குப் போய்விடுகிறவனுக்கு எந்தப் பயிற்சியாளர் நேரம் செலவழிப்பார்? குளிர்காலத்தில் கிளாஸ்கோவில் இரவு 9 மணி என்றால் சிட்னியில் மறுநாள் காலை 8 மணி. அம்மா வேலைக்குப் புறப்படும் நேரம். பையன் யாரோடு பேசுவான்?

இன்னொரு தொல்லை, தேசிய அணிக்கு ஆடுவது. 2006-ல் ஆஸ்திரேலியா ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சேர்ந்தது. தகுதி ஆட்டத்துக்காக ஐரோப்பாவிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் பறந்து சிட்னிக்கு வர வேண்டும். சில நாளில் ஜப்பானோ சவுதி அரேபியாவோ போக வேண்டும். பிறகு கிளப்புக்கு ஓட வேண்டும். களைத்து வந்து இறங்கினால், அவருடைய இடத்தில் வேறு ஒருவர் நிற்பார். பிரெஞ்சுக்காரருக்கும் டென்மார்க்குக்காரருக்கும் இந்தத் தலைவலி கிடையாது.

சட்டமும் மாறிவிட்டது. சில விலக்குகள் தவிர, 18 வயதுக்குள் எந்தப் பையனையும் வெளிநாட்டுக் கிளப் சேர்க்கக் கூடாது என்பது உலகக் கால்பந்துச் சங்கத்தின் விதி. நல்ல விதிதான். ஆனால் ஜான்ஸ்டன்போல 15 வயதில் போய்ச் சுவரில் பந்தடித்து வளரும் வழி அடைபட்டது. முன்பெல்லாம் பாட்டன் இத்தாலியர், தந்தை குரோஷியர் என்று ஐரோப்பிய பாஸ்போர்ட் வாங்கி இங்கிலாந்துக்குள் நுழைந்தவர்களும் உண்டு. 2021 முதல் அதுவும் இங்கிலாந்தில் செல்லாது. எத்தனை ஆட்டம், எந்த லீக் என்று மார்க் போட்டுத்தான் அனுமதி.

பெண்கள் ஜெயித்தது எப்படி?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே ஆஸ்திரேலியா. அதே தூரம். அதே விமானம். ஆனால் பெண்கள் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறக்கிறார்கள்!

சாம் கெர் என்பவர் பெர்த் பக்கத்துப் பெண். இவருடைய தந்தை நம் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்காக ஆடி, 2020-21, 2021-22 ஆகிய இரண்டு பருவங்களிலும் அந்நாட்டு மகளிர் லீக்கில் அதிக கோல் போட்டவர் இவரே. 2025-ல் ஆர்சனல் கிளப் ஐரோப்பிய மகளிர் கோப்பையை வென்றபோது, ஸ்டெப் கேட்லி, கேட்லின் போர்டு என்ற இரு ஆஸ்திரேலியப் பெண்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

ரகசியம் என்ன? சாம் கெர் 15 வயதிலேயே பெர்த் அணியின் பெரியவர்கள் ஆட்டத்தில் இறங்கிவிட்டார். பிறகு ஆண்டில் பாதி ஆஸ்திரேலியாவில், மீதிப் பாதி அமெரிக்காவில் என்று ஓயாமல் ஆடினார். செல்சிக்குப் போனபோது வயது 26. முதிர்ந்த ஆட்டக்காரியாகத்தான் போனார். இரவல் சரக்காகப் போகவில்லை.

ஆண்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. டிம் கேஹில் 1997-ல் போனது மூன்றாம் பிரிவில் இருந்த மில்வால் கிளப்புக்கு. அங்கே பல ஆண்டுகள் மண்ணில் புரண்டு ஆடினார். 2004-ல்தான் எவர்டன் போனார். எட்டு ஆண்டுகள் அங்கே நிலைத்தார். ஆஸ்திரேலியாவுக்காக 108 ஆட்டத்தில் 50 கோல்! ஜாக்சன் இர்வின் என்பவரும் அப்படியே. ஸ்காட்லாந்தின் சிறிய கிளப்கள், இங்கிலாந்தின் பர்ட்டன், ஹல் என்று படிப்படியாக நடந்தார். 2021-ல் ஜெர்மனியின் செயின்ட் பவுலியில் சேர்ந்தார். 2024-ல் அந்தக் கிளப் முதல் பிரிவுக்கு ஏறியபோது கேப்டன் அவர்தான்.

ஆஸ்திரேலியத் தாய் தந்தையர் என்னிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் சொல்வேன்: பெரிய கிளப்பின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பையன் உள்ளூரில் நூறு ஆட்டமாவது முழுதாக ஆடட்டும். பிறகு ஹாலந்திலோ ஸ்காட்லாந்திலோ ஒரு சின்னக் கிளப்பாகப் பாருங்கள். "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதற்கு முன், "சனிக்கிழமை இவனை இறக்குவீர்களா?" என்று கேளுங்கள்.

"மூன்று ஆண்டு பொறுத்தால், அதற்குள் கால் உடைந்துவிட்டால்? கை நழுவிய பணத்தை யார் கொடுப்பார்?" என்று அந்தத் தந்தை திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அகதியாக வந்து குடும்பம் நடத்துகிறவரிடம் பொறுத்திரு என்று சொல்வது சுலபம் அல்ல. அதனால்தான் பாரம் பெற்றோர் மேல் மட்டும் விழக்கூடாது என்கிறேன். உள்ளூர் லீக் சரியாக இருந்தால், பையனுக்கு அங்கேயே நல்ல சம்பளமும் நல்ல ஆட்டமும் கிடைக்கும். அவசரம் குறையும்.

2025 அக்டோபரில் ஆஸ்திரேலியக் கால்பந்துச் சங்கம் ஒரு புதிய போட்டியைத் தொடங்கியது. ஏ-லீக்குக்கு வெளியே நின்ற கிளப்களுக்கான தேசியப் போட்டி அது. இருபது ஆண்டுக்கு முன்பு வெளியே நிறுத்தப்பட்ட பழைய குடியேற்றக் கிளப்கள் சிலவும் அதில் ஆடின. நல்ல ஆரம்பம். ஆனால் அதில் ஜெயித்தவர் ஏ-லீக்குக்கு ஏறலாம் என்று விதி வைக்கவில்லை. முதலில் அந்த விதியை எழுதட்டும்.